மெத்தைக் கம்பெனியின் அசல் ரசிகர்

சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு சின்ன ஊரின் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுவார் நார்மன் பிக்கர்ஸ்டாஃப். பெரிய கிளப்புகளில் எங்கே திரும்பினாலும் விளம்பரம்தான் என்று அவருக்குச் சலித்துவிட்டது. அன்றும் பஸ் மாறி பஸ் ஏறி, தூறலில் நனைந்து, யார்க்‌ஷயரில் ஒரு மலையோர மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். வாசலில் ‘சுகநித்திரை மெத்தை அரங்கம்’ என்று புதுப் பலகை மின்னியது. அரங்கம் என்பது ஒரு தகரக் கொட்டகையும் சில பெஞ்சுகளும்தான்.

ஆட்டம் கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே போனது. பணம் கொடுத்து அரங்கத்துக்குத் தன் பெயரை வைத்திருந்த மெத்தைக் கம்பெனியின் பெண் ஒருத்தி கேமராவோடு அவரிடம் வந்தாள்.

“சார், எங்களுக்கு அசல் ரசிகர் முகம் ஒண்ணு வேணும். கோல் விழுந்த மாதிரி கத்துங்களேன்.”

“இன்னும் விழலையேம்மா.”

“மாதிரின்னுதானே சொன்னேன். இப்படித் திரும்புங்க, பின்னாடி மைதானம் தெரியணும்.”

மறுக்கக் கூச்சப்பட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி கைகளை உயர்த்திக் கத்தினார்.

“இன்னும் கொஞ்சம் சந்தோஷமா, சார்.”

மறுபடி கத்தினார். அந்த நேரம் பார்த்து மைதானமே கத்தியது. பதறித் திரும்பினால், உள்ளூர் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரும்மா கோல் போட்டது?” என்று பக்கத்தில் டீ விற்றுக்கொண்டிருந்த எட்னா என்ற உள்ளூர்ப் பெண்ணிடம் கேட்டார்.

“என்ன பெரியவரே, எல்லாருக்கும் முன்னாடி கத்தினதே நீங்கதானே?” என்றாள் அவள்.

வேறு கோல் விழவில்லை. கம்பெனி அவருக்கு ஒரு தலையணையைப் பரிசாகக் கொடுத்தது. திரும்பும் பஸ்ஸில் அதன்மேல் தலை சாய்த்துப் பார்த்தார். நிஜமாகவே அருமையாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.