கையொப்பம் இல்லாத கட்டு

தம்பியின் கை நடுங்குவதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது. அன்று காலையிலிருந்து அண்ணனுக்கு வேறு நினைப்பே இல்லை.

நாட்டின் குத்துச்சண்டைப் பட்டத்தை மூன்று முறை வென்ற கை அது. இப்போது ஒரு தம்ளர் தண்ணீர் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் விழுகிறது. இன்று என்ன கிழமை என்பது தம்பிக்கு மனதில் நிற்பதில்லை. நாற்பது வருடத்துக்கு முந்தைய சண்டைகளோ ஒரு குத்து விடாமல் நினைவிருக்கின்றன. அவர் பெயரிலேயே எழுப்பிய பயிற்சிக் கூடத்தின் திறப்பு விழாவில் பத்து மணிக்கு அவர்தான் ரிப்பன் வெட்ட வேண்டும்.

"நடுங்கினா நடுங்கட்டுமே மாமா. உழைச்ச கைதானே, திருடின கையா?" என்றாள் தம்பி மனைவி.

"நம்ம வீட்டு ஆளுங்க பரிதாபத்துக்கு நின்னு பழக்கமில்லம்மா."

கூடத்தின் உடை மாற்றும் அறையில் புது பெயிண்ட் வாசனை போகவில்லை. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, தம்பியின் கையைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். தம்பியின் எல்லாப் போட்டிகளுக்கும் கைக்கட்டு போட்டவர் அவர்தான். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டை மூன்று சுற்றுச் சுற்றி, விரலிடுக்குகளில் நுழைத்து, துணியில் சின்னச் சுருக்கமும் விழாமல் கட்டினார். இரண்டு கைகளையும் வழக்கத்தைவிட இறுக்கமாகவே கட்டினார். நடுக்கம் அடங்கியது.

அடங்கியதும் தம்பியின் முதுகு நிமிர்ந்தது. கண்ணில் வெளிச்சம் வந்தது.

"எதிராளி யாருண்ணே?"

"யாரா இருந்தா உனக்கென்ன?"

"இந்தத் தொப்பையோட என்னை எடை போட்டா தராசு அழுதுடும்."

தம்பி மனைவியும் சேர்ந்து மூவரும் சிரித்தார்கள். அதற்குள் குத்துச்சண்டைச் சங்கச் செயலாளர் அழைக்க வந்தார். வாசல்வரை நடந்த தம்பி சட்டென்று நின்று, இரண்டு மணிக்கட்டுகளையும் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து எங்கண்ணே?"

கைக்கட்டு போடும்போது எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். முடிந்ததும் அதிகாரி அதன்மேல் பேனாவால் கையொப்பம் போடுவார். உள்ளே எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

"யாருமே வந்து பாக்கல. கையெழுத்தில்லாம நான் என்னிக்காவது மேடை ஏறியிருக்கேனா? நாளைக்கு நம்மளத் தப்பாப் பேச மாட்டாங்க?"

"அவ்வளவுதானே ஐயா, நான் போடறேன்" என்று செயலாளர் பேனாவை எடுத்தார்.

ஒரு கிறுக்கல் போதும். காரியம் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கையில் இதுவரை ஒரு பொய்க் கையொப்பம் ஏறியதில்லை.

"பேனாவை உள்ள வைங்க" என்றார் அண்ணன். தம்பியை உட்கார வைத்துக் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார். "இன்னிக்குச் சண்டை இல்லடா. உன் கை ஆடறது வெளிய தெரியக் கூடாதுன்னு நான்தான் கட்டி மறைச்சேன். தப்பு என்னோடது."

தம்பி கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப ஆடுதா?"

"கொஞ்சம்."

"பொய் சொல்லாதண்ணே. உனக்கு அது வராது."

கூடம் நிறைந்திருந்தது. கத்தரிக்கோல் முதல் தடவை ரிப்பனைத் தொடவே இல்லை. இரண்டாம் தடவை ஓரத்தைக் கடித்துவிட்டு நழுவியது. தாங்கிப் பிடிக்கப் போன செயலாளரின் முழங்கையை அண்ணன் பற்றி நிறுத்தினார்.

"விடுங்க. நடுவர் இன்னும் பத்து எண்ணி முடிக்கல."

தன் கையும் உதவிக்குப் போய்விடாதபடி அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மூன்றாவதும் நழுவியது. நான்காவதில் ரிப்பன் கோணலாக, நூல் பிசிறோடு அறுந்து விழுந்தது. கைதட்டலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

தம்பி கூட்டத்தைப் பார்க்கவில்லை. அண்ணனைத் தேடித் திரும்பினார்.

"எத்தனாவது சுத்துண்ணே?"

"நாலாவது."

"அவ்வளவு நேரமா இழுத்துட்டேன்?"

"நீ எப்பவும் மெதுவா ஆரம்பிக்கறவன்தானேடா" என்றார் அண்ணன், கூடம் முழுவதும் கேட்கும்படி.