மடித்த டேப் நுனி

மூன்றாவது முறையாக ஏணியில் ஏறினேன். இந்த முறையும் டப்பாவும் விளக்கும் ஒத்துப்போகவில்லை.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டப் பிளாஸ்டிக் டப்பா. சீலிங்கிலிருந்து இறங்கும் வயரும் விளக்கின் வயரும் சேரும் ஜாயின்ட் அதற்குள் இருக்க வேண்டும். மூடியைப் போட்டுவிட்டால், நாளைக்கே ஒரு பொறி கிளம்பினாலும் உள்ளேயே அடங்கிவிடும். ஆனால் டப்பாவின் திருகுத் துளைகள் புது விளக்கின் துளைகளைவிட ஒரு விரல் தள்ளி நின்றன. கடைக்காரர் இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தும் அதே ஒரு விரல். மெயினை அணைத்திருந்ததால் மின்விசிறியும் இல்லை. சிமெண்ட் தூள் இமையில் ஒட்டிக்கொண்டு உறுத்தியது.

கீழே, தன் வீட்டுக் கூடத்தில் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்புக்கு அவர்தான் சங்கச் செயலாளர். இந்த ஒரு விளக்கை ஒழுங்காக மாட்டிவிட்டால், நாற்பது வீட்டு மின்வேலையும் வருஷம் முழுக்க எனக்கே என்று காலையில் சொல்லியிருந்தார். தனியாகத் தொழில் தொடங்கி ஏழு மாதம். இதுவரை என்னிடம் வந்தவை பழுதான அழைப்புமணிகளும் இஸ்திரிப்பெட்டிகளும்தான்.

"ஏம்மா, அந்த டப்பா எதுக்கு? சீலிங்ல மரு வந்த மாதிரி இருக்கு."

"ஜாயின்ட்ட அப்படியே விடக் கூடாது சார்."

"வீடு கட்டினப்ப வந்தவன் டேப்ப சுத்தி உள்ள தள்ளிட்டுப் போயிட்டான். ஆறு வருஷம் ஓடலையா?"

"பழைய விளக்கத் திருப்பிப் பாருங்க. அடித்தட்டு உருகிப் போயிருக்கு."

அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார்.

"எவன் செஞ்ச வேலை இது?"

"கண்ண மூடிட்டு செஞ்சிருக்கான் சார். இவனையெல்லாம் ஏணியிலயே ஏத்தியிருக்கக் கூடாது."

"ஆள் யாருன்னு தெரியட்டும், கமிட்டி முன்னாடி நிறுத்தறேன்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "நாலு மணிக்கே கமிட்டிக்காரங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள ஆகுமா, இல்ல ஆளுக்கொரு டார்ச் கையில குடுக்கணுமா?"

"முடிச்சிடுவேன்க்கா."

"இதையேதான் மத்தியானத்துலேர்ந்து சொல்ற."

பல்லைக் கடித்துக்கொண்டு, விளக்கைத் தாங்கும் தகரப் பட்டையில் புதிதாக இரண்டு துளைகள் போட்டேன். இப்போது பொருந்தியது. மிச்சமிருந்தது பழைய ஜாயின்ட் மட்டுமே. காலையில் அது சீலிங்கின் வயர்க் குழாய் வாயை விட்டு வராமல் அடம்பிடித்ததால், அதற்குக் கீழே வெட்டித்தான் விளக்கைக் கழற்றியிருந்தேன். குறடால் மெல்ல இழுத்தேன். கருகிய டேப் பசைபோல விரலில் ஒட்டியபடி, அட்டைப்பூச்சி மாதிரி வெளியே வந்தது.

டேப்பின் நுனி சின்ன முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது.

அந்த மடிப்பு எனக்குத் தெரியும். அடுத்து வருகிறவர் நகத்தால் சுரண்டாமல் பிடித்து இழுக்கட்டும் என்று நான் வைக்கும் மடிப்பு. ஆறு வருஷத்துக்கு முன் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது ஃபோர்மேன் இதற்காகவே என்னை ஓட்டுவார். "ஜாயின்டுக்குக் காது வெச்சிருக்கியே, கம்மலும் போடுவியா?" அந்த வருஷம் கதவில்லாத, வெள்ளையடிக்காத எத்தனையோ கட்டடங்களுக்குள் வேனில் கொண்டுபோய் இறக்கினார். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எந்தத் தெரு என்று யார் பார்த்தார்கள்? ஒவ்வொன்றிலும் தரைத்தளத்து நாலு வீட்டை மட்டும் அவர் எடுத்துக்கொள்வார், மிச்சமெல்லாம் எனக்கு. டப்பா கேட்டால், "மேல யாரு ஏறிப் பாக்கப் போறா, சுத்தித் தள்ளு" என்பார். சுத்தித் தள்ளினேன். நுனியை மட்டும் அழகாக மடித்தேன்.

ஜாயின்ட்டை வெட்டியெடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். புது இணைப்பைக் கனெக்டரில் இறுக்கி, டப்பாவுக்குள் அடக்கி, மூடி போட்டு, விளக்கை மாட்டினேன். மெயினைப் போட்டதும் அறை பளிச்சென்று ஆனது.

"அட, மருவே தெரியல" என்றார் செயலாளர். "கமிட்டி என்ன சொல்லும், நான் சொன்னாச் சரின்னுடும். நாற்பது வீடும் உனக்குத்தான்."

சட்டைப்பைக்குள் அது ஒரு பல்லியைப் போலக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு பையைத் தூக்கினால் போதும். ஆனால் அடுத்த வீட்டிலும் ஒரு காது இருக்கும், அதற்கடுத்த வீட்டிலும். அவற்றின் கீழே யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சிடுச்சு சார்."

எடுத்து மேசைமேல் வைத்தேன். மடிப்பைக் காட்டினேன். சொன்னேன்.

அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "அப்ப நாற்பது வீட்லயும் இப்படித்தானா?"

"முப்பத்தாறு. மிச்ச நாலு ஃபோர்மேன் போட்டது. அதுக்குக் காது கூட இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. கூடத்து விளக்கை அண்ணாந்து பார்த்தார். எழுந்து போய் அணைத்தார். அதே சமயம் அழைப்புமணி அடித்தது. நான் அவசரமாக ஏணியை மடிக்கப் போனேன்.

"அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் கதவைத் திறக்கப் போனபடி. "மேசையில இருக்கறதப் பாத்துட்டு, ஒவ்வொருத்தரா ஏறி நீ போட்ட டப்பாவையும் பாக்கட்டும். நீ கீழ நின்னு பிடிச்சுக்க."

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரலில் ஒட்டிய டேப் பசை என்ன தேய்த்தும் போகவில்லை.