அறுபத்திரண்டு மில்லித் துளை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு டேபிள் ஃபேனில் தொடங்கியது. 2006 மார்ச்சில் அதன் அச்சைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்துபோய், மரக்காணத்தில் உப்பளத்துக்கு எதிரே வீட்டிலேயே லேத் என்னும் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் எடுத்துப் போனேன். காத்திருந்த ஒரு மணி நேரத்தில் அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. புரியாத பாதியையும் சேர்த்து எழுதிவிட்டேன். கதையில் அவர் பெயர் கலைமதி.

2

முதல் தொடக்கம்: ‘உப்பளத்தின் மேல் சூரியன் வெள்ளித் தட்டைப் போல

(அடித்துவிட்டேன். அந்தத் தட்டை யார் கழுவுவது?)

இரண்டாவது: ‘டர்னர் ராஜாங்கம் மீசையைத் தடவியபடி

(லேத் என்றதும் கை தானாக மீசை வரைந்துவிட்டது. வெட்கம்தான்.)

மூன்றாவது, இருக்கட்டும்: கலைமதி ஐடிஐயில் டர்னர், அதாவது கடைசல் வேலை, படித்தவள். எந்தப் பட்டறையும் வேலை தராததால் ஒரு பழைய லேத்தை வாங்கி, மாமனார் சிவஞானத்தின் உப்பு மூட்டைக் கொட்டகையில் ஒரு மூலையைப் பிடித்தாள். அந்த வருஷம் மழை ஓயாமல் உப்பு சீசன் தள்ளிப்போயிருந்தது. பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய வாரத்தில் பம்ப் படுத்துவிட்டது. பேரிங் உட்காரும் குழி தேய்ந்திருந்தது.

“பாண்டிக்கு எடுத்துட்டுப் போறேன்” என்றார் சிவஞானம்.

“நான் பண்றேன் மாமா.”

“கெட்டுப்போச்சின்னா?”

“லேத்தைத் தூக்கிப் போட்டுட்டு மூட்டையை அடுக்கிக்கோங்க.”

சொன்ன பிறகுதான் அவள் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

3

தேய்ந்த குழிக்குள் புது புஷ் இறக்கியாயிற்று. அதை உள்ளே அறுபத்திரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கடைய வேண்டும். இடமோ நூற்றிருபது மில்லி ஆழத்தில். போரிங் பார் என்பது ஒன்றுமில்லை: ஒரு முனையை லேத் இறுக்கிப் பிடித்திருக்க, மறுமுனையில் வெட்டும் பல்லோடு துளைக்குள் போகும் இரும்புத் தண்டு. அவளிடம் இருந்தது பன்னிரண்டு மில்லி தடிமனில் ஒல்லி பார் ஒன்றுதான்.

நான் எழுதியது: ‘எந்த ஆழத்துக்கும் எட்டும் அந்த ஒல்லியான நீண்ட பாரை அவள் பெருமையோடு பொருத்தி, மெல்ல மெல்ல உள்ளே செலுத்த, அது இருளுக்குள் நுழைந்து, தன்னையே

(வரைவைப் படித்த அசல் கலைமதி இங்கே சிரித்துவிட்டார். “ஆடும் சார். துளை பூரா வரிவரியா விழும். உள்ள போற அளவுக்குத் தடியா இருக்கணும். வெளிய நீட்டிக்கினு இருக்கறது எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது.” பிறகு என் வாக்கியத்தையும் பார்த்தார். “இதுவும் ரொம்ப நீட்டிக்கினுதான் இருக்குது.”)

4

சரி என்று, கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் துபாயிலிருந்து பளபளவென்று ஒரு பார் அனுப்பியதாக எழுதினேன்.* நுனியில் கார்பைடு, இரும்பையே வேகமாகச் சீவும் கடினப் பல்.

அசல் கலைமதி அதையும் படித்தார். “என்னுது கெழ லேத்து சார். அந்த நுனிக்கு இதோட வேகம் பத்தாது. சாதா டூல் பிட்டுப் பல்லைத் தீட்டிக்கிட்டா போதும்.”

துபாய் பார் கதையை விட்டு வெளியேறியது.

கலைமதி கொட்டகையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். தடியான நல்ல இரும்பு ஒன்றே ஒன்று இருந்தது. அது சிவஞானத்தின் கையில் இருந்தது. பம்பின் பழைய ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, முப்பது மில்லி தடிமன். இறுகிப்போன உப்புக் கட்டிகளை அவர் அதைக்கொண்டுதான் உடைப்பார்.

“மாமா, அதைக் குடுங்க. குறுக்க ஓட்டை போட்டு பல்லு வெக்கணும். அப்புறம் கட்டி ஒடைக்க ஆவாது.”

“பதினோரு வருசமா என் கையில இருக்குதும்மா.”

பம்பைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கொடுத்துவிட்டார். இந்த இடத்தில் எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

(*நண்பருக்கு வருத்தமில்லை. அவரும் நான் கட்டிவிட்ட ஆள்தான்.)

5

பார் ஆடவில்லை. சத்தம் ஒரே சீராக வந்தது. ஆனாலும் கடைசியில் அளந்தபோது, ஒரு மில்லியை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு குறைந்தது. ‘இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்ட அவள் டயலைத் திருப்பினாள்’ என்று எழுதினேன். அவள் திருப்பவில்லை. அதே அளவில் பாரை இன்னொரு முறை உள்ளே அனுப்பினாள்.

(“எவ்ளோ தடியான பாரும் கொஞ்சூண்டு வளையும் சார். மொத தபா விட்டதை ரெண்டாவது தபா எடுத்துக்கும்.”)

சிவஞானம் பாண்டியில் வாங்கிவந்த புது பேரிங்கோடு நின்றார். “போட்டுப் பாக்கட்டா?”

“இருங்க மாமா, சூடா இருக்குது. ஆறினாத்தான் நெசமான அளவு தெரியும்.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு டீ குடிக்கிற நேரம்.”

அவர் பேரிங்கை மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு கிளாஸ். அந்த வீட்டில் அவர் டீ போட்டது அன்றுதான் முதல் தடவை. சர்க்கரை இல்லை. இருவரும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள்.

6

டீ முடிந்தது. பேரிங்கை இப்போது உங்கள் கையில் தருகிறேன். சுத்தியல் கிடையாது, உள்ளங்கையால் அழுத்துங்கள். தொப்பென்று விழுந்துவிட்டால் துளை பெரிது, கொட்டகை மூட்டைகளுக்கு. அழுத்த அழுத்த இறங்கி உட்கார்ந்தால் அவளுக்கு. நுழையவே மறுத்தால் துளை சிறிது, இன்னொரு கடைசல், இன்னொரு டீ.

முடிவை நான் எழுதப்போவதில்லை. ஃபேனைத் தூக்கிக்கொண்டு முதன்முதலில் அங்கே போன அன்று கண்டதை மட்டும் சொல்கிறேன். உப்பு மூட்டையெல்லாம் கொட்டகைக்கு வெளியே, தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்து கருங்கல்லால் உப்புக் கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ள மருமக வேலையா இருக்குதுங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”