டேனிஷ் காற்றுக்கு முற்றுமோனை

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பேராதனையில் என்னோடு வேலை செய்யும் நுஸ்ஹா தேநீர் நேரத்தில் சொன்னதில் பாதி இது. மீதியை நான் சேர்த்திருக்கிறேன். டென்மார்க்கில் மேற்படிப்பு, புலமைப்பரிசில், ஒரேயொரு இடம். தேர்வுக்காக ஒரு டேனிஷ் கவிதை, அதன் ஒலிப்பதிவு, மொழிபெயர்ப்பு அனுப்பியிருந்தார்கள். சந்தம், எதுகை, அணி எல்லாம் விளக்க வேண்டும். அவளுக்கு டேனிஷ் தெரியாது.

'மழை ஓய்ந்த அலவத்துகொடை வீட்டில், ஜன்னலோரமாக ஒரு பெண்...'

வேண்டாம். ஜன்னலோரப் பெண்கள் போதும்.

2
வரிகளின் கடைசியில் எதுவுமே பொருந்தவில்லை. கைபேசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"டென்மார்க்ல பாட்டுக்கும் விசா எடுக்கணுமா?" என்றார் அவளுடைய அண்ணன் தாஸிம்.

"சும்மா இரிங்க நானா."

வினென் வென்தர், வினென் வெனர். காற்று காத்திருக்கிறது, காற்று திரும்புகிறது. மேசையில் தட்டிப் பார்த்தாள். நான்கு தட்டு, நான்கும் 'வ'வில் விழுந்தன.

"நானா, முற்றுமோனை!"

[நான்கு சீரும் ஒரே ஓசையில் தொடங்குவது. ஒவ்வொரு சீரிலும் முதல் அசை அழுத்தம், அடுத்தது தளர்வு. இரண்டாவது எழுத்தும் எல்லாவற்றிலும் னகரமாகவே வருவதால் எதுகையும் உண்டு.]

"இதச் சென்னா அவங்க சிரிப்பாங்க."

"கேட்டுட்டுச் சிரிக்கட்டும்" என்றார் தாஸிம்.

3
இங்கே என் கை நின்றது. 'நேர்முகத் தேர்வின் நடுவே இணைய இணைப்பு அறுந்து, திரையில் அவள் முகம் உறைந்—'

கோடிட்டு அடித்தேன். 'பேராசிரியை மெல்லப் புன்னகைத்து, தமிழ் இலக்கணம் இங்கே...'

இதையும். ஏன் இவளைத் தோற்கடிக்கப் பார்க்கிறேன்? தோற்றவளுக்குத்தான் உள்மனம் உண்டு என்று எனக்குள் ஒருத்தி நம்புகிறாள். அவளை வெளியே இருக்கச் சொன்னேன்.

4
நடந்தது இதுதான்.

"இதில் எதுகையே இல்லை என்றுதான் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்" என்றார் திரையில் பேராசிரியை.

"கடைசியில் இல்லை. தமிழில் நாங்கள் சொல்லின் தொடக்கத்தில் தேடுவோம்." நுஸ்ஹா வாசித்துக் காட்டினாள். "முடிவு வரியில் மட்டும் 'வ' வரவில்லை. அங்கே காற்று நின்றுவிட்டது."

பேராசிரியை தாளைக் கிட்டே எடுத்துப் பார்த்தார். "எங்களுடைய மிகப் பழைய பாட்டுகளும் இப்படித்தான், சொல்லின் முதலில்தான் ஓசை ஒத்துவரும். இன்னொரு முறை வாசியுங்கள்."

வாசித்தாள். கதவுக்கு வெளியே தாஸிம் கைதட்டிவிட்டார்.

5
பதில் இன்னும் வரவில்லை. இரண்டு முடிவுகள் எழுதி நுஸ்ஹாவிடம் காட்டினேன். ஒன்றில் இடம் கிடைக்கிறது. மற்றதில் கிடைக்கவில்லை.

படிக்காமலே திருப்பித் தந்தாள். "ஒண்டும் எழுத வாணாம் அக்கா. நான் சூட்கேஸ் வாங்கப் போறேன்."

இப்போது கண்டிக் கடையொன்றில் நிற்கிறாள். இனி சூட்கேஸின் நிறம் மட்டுமே பாக்கி. அதை நீங்கள் சொல்லுங்கள்.