கருத்து ஒத்தவர்களுக்கான கப்பல்

1993-ஆம் வருடம் துர்கா பூஜை முடிந்த மறுவாரம், கல்கத்தாத் துறைமுகத்தின் கிடர்பூர் டாக்கில் நின்றிருந்த வெள்ளைக் கப்பலில் ஏறப்போன வேலாயுதம், கடைசிப் படியைத் தாண்டிக் கால் வைத்தபோது மறுபடியும் கரையில் நின்றார். தவறி விழவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. காலைத் தூக்கியபோது கப்பலில் இருந்தார், ஊன்றியபோது கரையில் இருந்தார். சட்டைப்பையில் இருந்த பேனாகூடச் சாயவில்லை. வேறு எங்காவது என்றால் கூச்சல் எழுந்திருக்கும். இங்கே பின்னால் நின்றவர்கள் அவரை வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார்கள். கல்கத்தாவில் எது நடந்தாலும் வரிசை வரிசைதான்.

அந்தக் கப்பலுக்குப் பெயர் எழுதியிருக்கவில்லை. சரக்கும் இல்லை. வங்காளம், இந்தி, ஆங்கிலம், தமிழ் நான்கிலும் ஒரு பலகை மட்டும் தொங்கியது. தமிழில் ஒரு பிழைகூட இல்லை என்பதைத்தான் கிடர்பூர்த் தமிழர்கள் முதல் அதிசயமாகச் சொன்னார்கள். எங்கள் நாட்டோடு கருத்து ஒத்தவர்கள் வந்து குடியேறலாம், கட்டணம் கிடையாது என்று அதில் இருந்தது. எந்த நாடு என்று கேட்டால் மாலுமிகள் தெற்கே கையைக் காட்டினார்கள். அங்கே முதலாளி இல்லை, வாடகை இல்லை, எதையும் கூட்டம் போட்டுக் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள் என்றார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. வாரத்துக்கு ஒரு நாடு உடைவதும் வாரத்துக்கு ஒரு நாடு முளைப்பதுமாக இருந்த காலம் அது. பள்ளிக்கூட மேப் அச்சடிப்பவர்களே தலையில் கை வைத்திருந்தார்கள்.

யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பதில்தான் குழப்பம். ஆளும் கட்சியின் வட்டாரச் செயலாளர் ஏறினார், கரைக்கு வந்தார். எதிர்க்கட்சிக்காரர் சிரித்துக்கொண்டே ஏறினார், அவரும் வந்தார். பாலிகஞ்சிலிருந்து டாக்சியில் வந்த ஒரு பொருளாதாரப் பேராசிரியர் வந்த வேகத்தில் நேரே டாக்சிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தார். ஆனால் காது கேளாத ஒரு மிட்டாய்க் கடைக்காரர் தடையில்லாமல் உள்ளே போனார். ஒரு கன்யாஸ்திரீ போனார். டிராமில் ஜேப்படி செய்து நாலு தடவை ஜெயிலுக்குப் போய்வந்த ஒருத்தன் போனான். எதிலும் கருத்து வேறுபடாத இரட்டையர் இருவரில் ஒருவன் போனான், மற்றவன் கரையில் நின்று அழுதான். இவர்களுக்குள் பொதுவாக என்ன கருத்து இருக்க முடியும் என்று தெருப் பையன்களின் பாடா கிளப்பில் கேரம் விளையாடுவதையே விட்டுவிட்டுப் பேசினார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

வேலாயுதத்துக்கு இது தாங்க முடியாத அவமானம். அவர் டாக்கில் கிளார்க், யூனியனில் துணைச் செயலாளர். முதலாளி இல்லாத நாடு, வாடகை இல்லாத நாடு என்று இருபது வருடமாக டாக் கேட்டில் நின்று தொண்டை கிழியப் பேசியவர். என்றைக்காவது அப்படி ஒரு நாட்டில் போய்க் குடியேறுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனதில் வைத்திருந்த செங்கொடி நாடு இரண்டு வருடத்துக்கு முன் உடைந்து இல்லாமல் போனது. அன்று அவர் சாப்பிடவில்லை. வெள்ளைக் கப்பல் வந்ததும் தனக்காகவே வந்தது என்று நினைத்தார். வேலையை விருப்ப ஓய்வில் விட்டார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தார், கட்டிலையும் ஃப்ரிட்ஜையும் விற்றார். மனைவி கிருஷ்ணம்மாளையும் பள்ளியில் படிக்கும் மகள் லதாவையும் டிரங்குப் பெட்டிகளோடு கரையில் உட்கார வைத்துவிட்டுத்தான் படியேறினார். மூன்று தடவை ஏறினார். மூன்று தடவையும் கரை.

மூன்றாவது முறை அவர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கிருஷ்ணம்மாள் நினைத்துக்கொண்டாள். அவர் பெட்டிமேல் விட்டுப்போன மஃப்ளரை எடுத்துக்கொண்டு, வழியில் நின்றவர்களிடம் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி, விறுவிறுவென்று படியேறிக் கப்பலில் போய் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள். கரைக்கு வரவில்லை. அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்து, "ஏங்க, நீங்க அங்க என்ன பண்றீங்க?" என்றாள். கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேலாயுதத்தின் பழைய சிநேகிதர், கிரேன் ஓட்டும் முகமது இஸ்மாயில், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கிருஷ்ணம்மாள் கப்பலைச் சுற்றிப் பார்த்தாள், யாரோ கொடுத்த தேநீரைக் குடித்தாள், சாவகாசமாக இறங்கி வந்தாள். நல்ல ஜனங்களாக இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அன்றே பெஹாலாவில் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். பெட்டியைக்கூடத் திறக்காமல் வேலாயுதம் கேட்டார்.

"கிருஷ்ணம்மா, உன் அரசியல் கருத்து என்ன?"

"எனக்கென்ன கருத்து? உலை வைக்கணும், அரிசி எந்தப் பெட்டியில இருக்குன்னு பாருங்க."

"நான் சொன்ன சின்னத்துக்குத்தானே ஓட்டுப் போடுவ?"

"ஒரு தடவை போட்டேன்."

"மத்த தடவை?"

"அது ரகசியம்னு நீங்கதானே மீட்டிங்ல பேசுவீங்க."

வேலாயுதம் அரிசியைத் தேடிக் கொடுத்தார். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் அவள் உள்ளங்கையில் சின்னத்தை வரைந்து காட்டி அழைத்துப்போனவர் அவர். அந்தக் கையை அவள் என்ன செய்தாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை, கிருஷ்ணம்மாள் நன்றாகத் தூங்கினாள்.

அதன்பிறகு கப்பல் ஒவ்வொரு வருடமும் விஜயதசமி கழிந்து வந்தது, காளி பூஜைக்கு முன் போனது. துறைமுகக்காரர்களுக்கு அது ஹில்சா மீன் வருகிற மாதிரி பழகிவிட்டது. கிருஷ்ணம்மாள் வருடத்துக்கு ஒரு தடவை ஏறி, தேநீர் குடித்து இறங்குவாள். கூடவே வரச் சொல்லிக் கப்பல்காரர்கள் கேட்பார்கள். லதாவுக்குப் பரீட்சை என்பாள். மறுவருடம் அவருக்கு மஞ்சள்காமாலை என்பாள். அதற்கு மறுவருடம் லதாவுக்குக் காலேஜ். வேலாயுதமோ ஒவ்வொரு வருடமும் ஒரு புதுக் கருத்தோடு ஏறினார். 1996 தேர்தலில் எதிர்க்கட்சிக்கு வேலை செய்துவிட்டு ஏறினார், கரையில் நனைந்த உடம்போடு நின்றார். இரண்டு வருடம் தனியார்மயத்தை ஆதரித்துப் பேசி யூனியன்காரர்களிடம் ஏச்சு வாங்கினார், அந்த முறை ஃபேன்ஸி மார்க்கெட் நடுவே, கைக்கடிகாரக் கடை வாசலில் நின்றார். எந்தக் கருத்தும் இல்லாமல் ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு வருடம் பேப்பர் படிப்பதையே விட்டார். அந்தத் தடவை பெஹாலா டிராம் டிப்போவில், கையில் டிக்கெட்டோடு இருந்தார். கண்டக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, செல்லும் என்று சொன்னார்.

கடைசியில் அவருக்கு ஒன்று புரிந்தது. நாட்டின் கருத்து என்னவென்று தெரியாவிட்டாலும் கிருஷ்ணம்மாளின் கருத்து தெரிந்தால் போதும். விசாரிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, கிருஷ்ணம்மாள் பழைய காங்கிரஸ் என்று அடித்துச் சொன்னாள். மீன்காரன், மாஷிமா, அதாவது இந்தப் பெரியம்மா, எங்கள் கட்சி ஆள், எங்கள் ஊர்வலத்துக்கு மோர் கொடுத்தவர் என்றான். 1987 ஸ்டிரைக்கில் குவார்ட்டர்ஸுக்கு வந்த போலீஸ்காரர்களுக்கும் அவள் அதே மோரைக் கொடுத்ததை இஸ்மாயில் ஞாபகப்படுத்தினார். ஓட்டைப் பற்றி மறுபடி மறுபடி நச்சரித்ததில், ஒருமுறை குடைச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக்குப் போட்டதாக ஒப்புக்கொண்டாள். "ஒரு ஓட்டும் விழாம இருந்தா பாவமில்லையா?" என்றாள். இதை எந்தக் கொள்கையில் சேர்ப்பது என்று வேலாயுதம் பல மாதம் திண்டாடினார். அடுத்த தேர்தலில் அவரும் ஒரு சுயேச்சைக்குப் போட்டார். கப்பல் ஏற்றவில்லை. அவர் பாவப்பட்டுப் போடவில்லை, கணக்குப் போட்டுப் போட்டார், அதனால்தான் என்றார் இஸ்மாயில். அதுவும் ஊகம்தான்.

"அப்பா, சாடோ தோ, விடுங்களேன்," என்றாள் லதா, அப்போது சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கே தெரியாது. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

2004-இல் லதா கூட வேலை செய்யும் வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேலாயுதம் தாலி எடுத்துக் கொடுத்தார், பையன் வீட்டார் சங்கு ஊதினார்கள், எல்லாம் நன்றாக நடந்தது. அடுத்த வருடம் கப்பல் வந்ததற்கு மறுநாள், சோறு பரிமாறும்போது கிருஷ்ணம்மாள் சொன்னாள்.

"இந்த வருஷம் நான் போறேங்க."

வேலாயுதம் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். நாடு போன அன்று வந்த வருத்தம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அன்று அவருக்கு வந்தது கோபம். இப்போது வந்தது வெறும் பயம். அவர் இல்லாமல் அவள் போய்விடுவாள், படி அவளைத் தடுக்காது, கல்கத்தாவில் யாருக்கும் அதைத் தடுக்க அதிகாரம் இல்லை. போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். இருபது வருடம் மேடையில் பேசிய பேச்செல்லாம் குறுக்கே வந்து நின்றுகொண்டது. அவர் வேறொன்று கேட்டார். கல்யாணமாகி முதல் முறையாக அவளிடம் வேண்டிக் கேட்டது அது.

"என்னையும் கூட்டிட்டுப் போவியா?"

கிருஷ்ணம்மாள் அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். யோசிக்க வேண்டும் என்றாள். நிஜமாகவே யோசித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தாள், லதா வீட்டுக்குப் போய் ஒருநாள் தங்கி யோசித்தாள், இஸ்மாயிலிடம் ஏதோ கேட்டுக்கொண்டாள். அந்த நாட்களில் வேலாயுதம் தன் துணியைத் தானே துவைத்தார், துவைத்ததைச் சொல்லிக்காட்டவில்லை. அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் பெஹாலாவில் எல்லோரும் நினைத்தார்கள். காளி பூஜைக்கு முந்தின நாள், கிளம்புங்கள் என்றாள். டாக்கில் படிக்குக் கீழே போனதும் அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"ஏறுங்க. உங்க கால் பட்டாத்தானே திருப்பி அனுப்புது?"

வேலாயுதம் சுற்றிலும் பார்த்தார். யூனியனில் அவருக்குக் கீழே இருந்தவர்கள், அவர் கத்தியபோது கைதட்டியவர்கள், கேரம் பையன்கள் எல்லோரும் நின்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, குழந்தைகளைத் தூக்குவார்களே, அந்த உப்பு மூட்டையாக அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வழியனுப்பப் பாலிகஞ்சிலிருந்து வந்திருந்த பழைய சிநேகிதி வத்சலா மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷனைக் கூடையில் வைத்துச் சுமந்த புராணத்துப் பத்தினி மாதிரி இருக்கிறாயே அம்மா என்றாள். கிருஷ்ணம்மாள் நின்று திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பலர் பார்த்தார்கள்.

"அந்த அம்மா புருஷன் போகச் சொன்ன இடத்துக்குச் சுமந்துட்டுப் போனாங்க, மாமி. இவர் நான் போற இடத்துக்கு வர்றார்."

கஸ்டம்ஸ்காரர் என்னென்ன சாமான் என்று கேட்டார். ஒரு பெட்டி, இவர், என்றாள். அவர் தலையாட்டி விட்டுவிட்டார். படி அவர்களைத் திருப்பவில்லை. கப்பலில் போய் அவள் அவரை இறக்கி வைத்ததும் அவர் கரையில் இஸ்மாயிலுக்குப் பக்கத்தில் நின்றார். இஸ்மாயில், "என்னண்ணே, அதுக்குள்ளயா?" என்றார். கிருஷ்ணம்மாள் இறங்கி வந்து மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு போனாள். இந்த முறை இறக்கவில்லை. கப்பல் டாக்கின் வாசலான லாக் கேட்டைத் தாண்டி ஹூக்ளியில் திரும்பும்வரை அவர் அவள் தோளுக்குமேல் தெரிந்தார். கையை ஆட்டினால் பிடி விட்டுப்போகும் என்று ஆட்டவில்லை.

மறுவருடம் வந்த மாலுமிகளிடம் லதா விசாரித்தாள். அம்மாவுக்கு அங்கே ஒரு நாற்றங்காலில் வேலை, அப்பா முதுகில்தான் இருக்கிறார், அவர் கால் இன்னும் தரையில் படவில்லை என்றார்கள். கூட்டங்களுக்கும் அப்படியே வருவாராம். ஆரம்பத்தில் அவள் காதருகே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது கை தூக்கும் நேரம் வந்தால் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எட்டிப் பார்க்கிறாராம். லதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அப்பா எடை ஏறியிருக்கிறாரா என்று கேட்டாள். கொஞ்சம் என்றார்கள். அரிசியைக் குறைத்துச் சப்பாத்தியாகக் கொடுக்கச் சொல்லி அம்மாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவள் பஸ் பிடித்து வேலைக்குப் போனாள்.