விடுப்புக்குக் காத்திருந்த பிள்ளை

வேலம்பாளையத்து விஜயகுமாரியின் இரண்டாவது பிள்ளை, பத்து மாதம் நிறைந்த பிறகும் பிறக்க மறுத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் பார்த்து, பிள்ளை சௌக்கியமாக இருக்கிறது, வர மனமில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். காரணம் தெருவுக்கே தெரியும். விஜயகுமாரி பவர் டேபிள் என்னும் மின்சார மெஷினில் தைப்பவள். காண்ட்ராக்டர் நஞ்சப்பன் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு, எந்தப் பனியன் கம்பெனியில் ஆர்டர் இருக்கிறதோ அங்கே போய்த் தைத்துக்கொடுப்பார். அதனால் அவர்கள் எந்தக் கம்பெனியின் ஆட்களும் அல்ல. தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. கார்டு கிடையாது, பேறுகால விடுப்பும் விடுப்புச் சம்பளமும் கிடையாது. மூத்தவனுக்குத் தலை நிற்கும் முன்பே அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பியவள் அவள். அம்மா என்னோடு இருக்க முடியுமென்றால் வருகிறேன் என்று இந்தப் பிள்ளை உள்ளேயே இருந்துவிட்டது.

தீபாவளி போய்ப் பொங்கல் போய், மறுபடியும் தீபாவளி ஆர்டர் வந்தது. வயிறு மெஷினைத் தொட்டபோது, அடுத்த மெஷின் டேனியல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, அவளுடைய மேஜைப் பலகையை அரைவட்டமாக அறுத்துக்கொடுத்தார். துணிக்கட்டை மற்றப் பெண்கள் மாற்றி மாற்றித் தூக்கி வைத்தார்கள். "உம்பட புள்ள உள்ளுக்குள்ளயே பத்தாவது முடிச்சுப்போடுமாட்ட இருக்குது" என்றாள் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் மயிலாள். "முடிக்கட்டுங்கக்கா, ஃபீஸ் மிச்சம்" என்றாள் விஜயகுமாரி. சிரித்தாளே தவிர, ராத்திரியில் வயிற்றைத் தடவி, வந்துரு கண்ணு என்று அழுவாள். பிள்ளை ஒரு உதை கொடுத்துவிட்டுத் தூங்கிவிடும்.

அந்த வருஷம்தான், இங்கே தைத்த பனியனைப் போட்டுக்கொள்ளும் ஒரு குளிர் தேசத்து மக்களின் வரிப்பணம், பனியன் தொழிலாளர் நலத் திட்டத்துக்கான உதவி நிதியாகப் பெருமாநல்லூர் அறக்கட்டளை ஒன்றுக்கு வந்தது. முதலில் அதில் சுவரொட்டி அடித்தார்கள்; ஓட்டலில் கூட்டம் போட்டார்கள். அறக்கட்டளையில் அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்ட கவிப்பிரியா விஜயகுமாரியின் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, மிச்சக் கூட்டங்களை ரத்துசெய்ய அனுமதி வாங்கினாள். அந்தப் பணத்தில் கம்பெனி வாசல்களுக்கு அருகே உதவி மையங்கள் திறந்து, பவர் டேபிள் ஆட்களை ஈ.எஸ்.ஐ.யில் பதிய ஆள் வைத்தாள். சட்டம் முன்பே இருந்தது. அதைக் கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிவர ஆள்தான் இல்லை.

பதிய வேண்டுமானால் முதலாளி யாரென்று சொல்ல வேண்டும். அப்போது அவர்கள் தைத்துக்கொண்டிருந்த கம்பெனிக்காரர் மகுடேஸ்வரன், "அவிய நஞ்சப்பன் ஆளுங்க" என்றார். நஞ்சப்பன், "நானே கூலிக்காரனுங்க, அவிய கம்பெனி ஆளுங்க" என்றார். இப்படியே ஒரு கோடை போயிற்று. ஒருநாள் மகுடேஸ்வரனின் மனைவி ரங்காத்தாள், வாயும் வயிறுமாக இருப்பவளுக்கென்று கச்சாயப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். அறுத்த பலகையைப் பார்த்தார். பிறகு கணவரிடம் போய், "ஏனுங்க, அவ தைக்கறது நம்மட பனியன்தானுங்களே? அப்புறம் யாரூட்டு ஆளு?" என்றார். மகுடேஸ்வரன் பதிவுத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒரு தட்டுக் கச்சாயத்தில் கடவுள் எவ்வளவு வைத்து அனுப்புகிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

சந்தா கட்டத் தொடங்கியதும் விடுப்பு வந்துவிடாது. அதற்குச் சில மாதங்கள் ஆகும். கவிப்பிரியா குனிந்து அந்த விதியை வயிற்றுக்கு விளக்கிச் சொன்னாள். பிள்ளை அதற்கும் பொறுத்துக்கொண்டது. விடுப்புத் தொடங்கிய காலையில் விஜயகுமாரிக்கு வலி கண்டது. மத்தியானத்துக்குள் பெண் பிறந்தாள். வாய் நிறையப் பல்லும், ஜடை போடுமளவு முடியும் இருந்தன. நர்ஸ் எடை பார்த்தார். தொட்டிலில் கொள்ளாததால் கட்டிலிலேயே படுக்க வைத்தார். பவர் டேபிள் பெண்கள் சாக்லேட்டோடு வார்டை நிறைத்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் பொங்கலூர் வரையிலான குழுக்களுக்கெல்லாம் கார்டு வந்தது. அவர்கள் வீடுகளில் பிள்ளைகள் பத்தாம் மாதத்திலேயே பிறந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விஜயகுமாரி மகளை நடத்திக் கூட்டிக்கொண்டு மினி பஸ் ஏறினாள். கண்டக்டர் குழந்தையை மேலும் கீழும் பார்த்து, அரை டிக்கெட் என்றார்.

"முந்தாநேத்துத்தான் பொறந்தாளுங்க."

"அப்பச் செரிங்க, டிக்கெட் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த சீட்டுக்குப் போனார்.