ஐம்பத்தொரு சதவீதம்

…அதுவும் பெயருக்குக் கீழே ‘மேனேஜிங் டைரக்டர்’ என்று வேறு புருஷன் போட்டு வைத்திருக்கிறானே, லேப்டாப் திரையில் அதைப் பார்க்கப் பார்க்க சத்யப்ரியாவுக்குச் சிரிப்புதான் வந்தது, யார் இந்தப் பெரிய மனுஷி, உப்பு மூட்டைகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, மரக்காணம் உப்பளத்தின் வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முகத்தில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கிறாளே, இவளா? காத்திருங்கள், விரைவில் அழைப்பார்கள் என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது, விரைவில் என்றால் அரசாங்கத்துக்கு என்ன கணக்கோ தெரியவில்லை. தலைக்கு மேலே சகாதேவன் பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், இந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர், அவள் கணவன் செய்த கருவியைச் சோதித்துப் பார்க்கத் தன் பாத்தியைத் தந்த ஒரே மனிதர், மற்றவர்கள் எல்லாம் அப்புறம் பாக்கலாம் தம்பி என்று பல்லைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். “இன்னாம்மா, கூப்ட்டாங்களா?” என்றார். “இன்னும் இல்லண்ணே.” “கவர்மெண்ட்டுன்னா அப்டித்தான். கை வலிச்சா சொல்றேன்.” பாவம், ஏற்கெனவே வலிக்கிறது போல, குடை ஒரு பக்கமாகச் சாய்ந்து திரையில் வெயில் விழுந்து ஒன்றுமே தெரியவில்லை, தெரியாதவரைக்கும் நல்லது என்றும் இருந்தது.

லேப்டாப்புக்குப் பின்னால், கேமராவில் விழாத இடமாகப் பார்த்து, அவள் கணவன் கார்த்திகேசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு கட்டு அட்டை. டிவி வந்த பெட்டியை வெட்டி, மானியம் தரும் கமிட்டிக்காரர்கள் என்னென்ன கேட்பார்களோ அத்தனைக்கும் பதிலைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறான், எதுவும் தெரியலன்னா என்னைப் பாரு என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான், என்ன மனுஷன் இவன், பள்ளிக்கூடத்தில் பிட் அடித்ததில்லை என்று பெருமை பேசுகிறவன். ஆனால் கோபம் வரவில்லை, இஸ்திரி போட்ட சட்டையும் பேண்ட்டுமாக உப்புச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தானே கேமராவுக்கு முன்னால் உட்காரவேண்டியவன், உப்புநீர் காய்ந்து பதத்துக்கு வரும்போது உப்பு பூக்கும், பதம் தாண்டினால் மிச்சத் தண்ணீர் கசந்து போய் உப்பையும் கெடுக்கும், அதற்குள் மடையைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியே விட வேண்டும், பாத்தியில் மிதந்துகொண்டே அந்தப் பதத்தை அளந்து சொல்லும் கருவியை இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்துச் செய்தவன் அவன்தானே. போன வருஷம் அவன் பெயரில் போட்ட மானிய விண்ணப்பம் முதல் சுற்றிலேயே திரும்பி வந்துவிட்டது. சின்ன தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு மத்திய அரசு தரும் ஆராய்ச்சி மானியத்தில் பாதிக்கு மேல் பங்கை வைத்துப் பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, அதில் கூட்டம் குறைச்சல் என்று யாரோ வாட்ஸாப்பில் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி தின்றுகொண்டே கேட்டான், “சத்யா, உன்ன எம்.டி. ஆக்கிடட்டுமா?” “ஆக்குங்க. சட்னி போடவா?” என்றாள். அவ்வளவுதான் நடந்தது. கம்பெனியில் ஐம்பத்தொரு சதவீதம் அவள் கைக்கு வந்ததற்கு வேறு எந்த வரலாறும் கிடையாது.

மானியம் வந்தால் நல்லது… வந்தே ஆகவேண்டும். இது வராவிட்டால் சீசன் முடிந்ததும் ஓரகடத்தில் விட்டுவந்த அந்தப் பழைய ஃபேக்டரிக்கே போய்விடுகிறேன் என்று அவனே சொல்லிவிட்டான், கருவி பரணுக்குப் போய்விடும், அப்புறம் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், பேசாமல் இருப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வந்தால் இருபது கருவி செய்து இந்தக் கரை முழுக்க ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கலாம். அதுவரைக்கும் வீடு ஓடுவது குயிலாப்பாளையத்தில் அவள் கணக்கு எழுதும் கெஸ்ட்ஹவுஸ் சம்பளத்தில்தான், தினமும் ஈசிஆரில் பஸ் பிடித்து பொம்மையார்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இன்றைக்கு லீவு கேட்டபோது ரிசப்ஷனில் இருக்கும் பூஜா, “கம்பெனி மீட்டிங்கா? எந்த கம்பெனிக்கா?” என்று கண்ணை விரித்தாள். வீட்டுக்காரர் கம்பெனி என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் அப்படிச் சொன்னோம்? பின்னே எப்படிச் சொல்வது, என் கம்பெனி என்றா, நாக்கு கூசாதா? கூசும்தான். ஆனால் வீட்டுக்காரர் கம்பெனி என்று சொன்னபோதும் என்னவோ பொய் சொன்ன மாதிரி இருந்ததே, அது என்ன?

திரை சட்டென்று மாறியது, மூன்று கட்டங்கள், நரைத்த தலையோடு கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், அவர்தான் தேர்வுக் குழுவின் தலைவராம், டை கட்டிய ஒருவர், கேமராவை மூடி வைத்துக்கொண்டு பெயர் மட்டுமாக இருந்த இன்னொருவர். சென்னையிலிருந்து பேசுகிறோம், தமிழ்லயே சொல்லுங்க என்று அந்த அம்மாள் சொன்னதும் கார்த்திகேசனின் முகம் விழுந்துவிட்டது, அட்டை எல்லாம் ஆங்கிலம். அவன் அவசர அவசரமாக முதல் அட்டையைத் தூக்கினான், அவள் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே படித்தாள், உப்பளங்களில் துல்லியமான… நிகழ்நேர… தான் பேசுவது தனக்கே ரேடியோ செய்தி மாதிரி கேட்டது. டை கட்டியவர் தலையாட்டினார், தூக்கத்திலா கேட்டா என்று தெரியவில்லை. குரல்வழி எச்சரிக்கைத் தொழில்நுட்பம் என்று அவள் சொன்னபோது தலைவர் அம்மாள் நிறுத்தினார், அப்படின்னா? அடுத்த அட்டை தேடிக் கார்த்திகேசனின் விரல்கள் பறந்தன. அப்படின்னா பதம் தாண்டினதும் போன்ல அடிக்கிற மிஸ்டு கால்தாங்க என்று சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை? கேமராவை மூடியவர் குறுக்கே புகுந்து, விளக்கம் இருக்கட்டும், கருவி வேலை செய்வதைக் காட்டுங்கள், நேரம் போகிறது என்றார்.

இதைத்தான் வீட்டில் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்தார்கள். கார்த்திகேசன் அட்டைகளை வரப்பில் வைத்துவிட்டு, வாளியின் நல்ல தண்ணீரில் கிடந்த கருவியை எடுத்து பதம் தாண்டிய பாத்தியில் மிதக்கவிட வேண்டும், சற்று நேரத்தில் சகாதேவனின் போன் அடிக்கும், அவர் அதைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு மடையைத் திறப்பார். மிதக்கவிட்டான். எல்லாரும் சகாதேவனின் சட்டைப் பையையே பார்த்தார்கள், சகாதேவனும் குனிந்து தன் பையையே பார்த்தார். ஒன்றும் இல்லை. தென்னந்தோப்புப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடி, அடி, தெய்வமே அடிச்சுடு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது… ஆனால் அடித்தது அவளுடைய போன். நாற்காலிக்கு அடியில், இந்த மீட்டிங்குக்கே நெட் கொடுத்துக்கொண்டிருந்த போன். போன வாரம் சகாதேவனின் சிம் காலாவதியாகிவிட்டதென்று இவள் நம்பரைப் போட்டுச் சோதித்தார்களே, அதை மாற்ற மறந்துவிட்டார்கள், இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள், அவளுடைய ஓட்டை போனில் கால் வந்தால் நெட் நின்றுவிடும், தலைவர் அம்மாள் எதையோ சொல்ல வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்து போனார்.

“ஐயையோ, உன் நம்பரா?” கார்த்திகேசன் தலையில் கையை வைத்துக்கொண்டான். மணி நின்றது, நெட் திரும்பி வருவதற்குள் மறுபடி அடித்தது, மடையைத் திறக்கும்வரை விடாமல் அடிக்க வேண்டும் என்றுதானே அதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். “ஏங்க, அத்த வெளிய எடுங்க மொதல்ல!” என்று அவள் கத்தினாள், இஸ்திரி போட்ட பேண்ட்டோடு அவன் பாத்திக்குள் இறங்கி ஓடினான், விளைந்த உப்பு காலுக்கடியில் நொறுங்கியது, சகாதேவன் ஐயோ என் உப்பு என்று முனகினார், அவன் நடுப் பாத்தியில் நின்று கருவியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எடுத்துட்டேன், எடுத்துட்டேன்! கீழ வெக்க மாட்டேன், நீ பேசு!” என்றான். வரப்பில் வைத்த அட்டைகள் காற்றில் ஒவ்வொன்றாகப் பாத்திக்குள் போய் விழுந்துகொண்டிருந்தன. போச்சு, எல்லாம் போச்சு, அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வந்தது சிரிப்பு, அடக்கவே முடியாத சிரிப்பு, குடை குலுங்கியதிலிருந்து சகாதேவனும் சிரிக்கிறார் என்று தெரிந்தது. மணி நின்று நெட் திரும்பி வந்ததும், இந்தச் சிரிப்போடேதான் அவள் மறுபடியும் அந்த மூன்று கட்டங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க மேடம், மீட்டிங்க கட் பண்ணது எங்க கருவிதாங்க” என்றாள், நடந்ததை அப்படியே சொன்னாள், என்ன ஆச்சரியம், கேமராவை மூடி வைத்திருந்தவர் அதைத் திறந்தார், அவருக்கு ஒரு பெரிய மீசை இருந்தது, மீசை முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகு கேள்விகள் வேறு மாதிரி வந்தன, அல்லது அவளுக்குத்தான் வேறு மாதிரிக் கேட்டதோ? எல்லாரும் ஆப் செய்யும்போது நீங்கள் ஏன் மிஸ்டு கால், என்று மீசைக்காரர் கேட்டார். அதற்கு என்ன அட்டை வேண்டும்? ஆப் இருந்ததுதான், கார்த்திகேசன் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது, பச்சைக்கோடும் சிவப்புக்கோடுமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் உப்புநீர் பட்ட கையோடு சகாதேவன் தொட்டால் போன் கேட்கவே கேட்காது, வேட்டியில் துடைத்துத் துடைத்துத் தொட்டுவிட்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் சொருகிவிடுவார். கெஸ்ட்ஹவுஸில் மீன் கொண்டுவரும் அம்மா கேட்டுக்கு வெளியே நின்று மிஸ்டு கால் கொடுப்பார், யாரும் எடுக்கமாட்டார்கள், போய்க் கதவைத் திறப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு ராத்திரி சோறு போடும்போது, எதுக்குங்க கோடெல்லாம், மணி அடிச்சா போதாதா என்று அவள் கேட்டதும் அவன் சாப்பிட்டு எழுந்துவிட்டான், மறுநாள் கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு மணி வைத்தான். அதைத்தான் சொன்னாள். அப்போ இது யாரோட யோசனை, என்று தலைவர் அம்மாள் கேட்டார். பாத்தி நடுவில் அவன் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டே நின்றான். டீம் ஐடியா என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தான், அது இப்போது தண்ணீரில் கவிழ்ந்து கிடக்கும். “நான்தாங்க” என்றாள். சொல்லிவிட்டுத்தான் தெரிந்தது, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமே கூட. கருவி பழுதாகிறதா என்று கேட்டார்கள், ஆகும், மேலே உப்பு படிந்துவிடும், அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பொய் சொல்லும், அதற்கு இன்னும் வழி தெரியவில்லை, இந்தப் பணம் கேட்பதே அதற்குத்தான் என்றாள். கார்த்திகேசன் தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். டை கட்டியவர் எழுதிக்கொண்டார்.

கடைசியில் தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தப் பிரிவுல வீட்டுக்காரம்மா பேர்ல போட்டுட்டு நிறையப் பேர் வர்றாங்க. நீங்க வேற எடத்துல வேலையில இருக்கீங்கன்னு போட்டிருக்கு. பணம் வந்தா நீங்க முழுநேரமும் இதுல இருக்கணும், அது ரூல். இருப்பீங்களா?” இதற்கும் ஒரு அட்டை இருந்தது, நேற்று அவளே படித்துப் பார்த்து, யெஸ் மேடம், எவ்வளவு சின்னப் பதில் என்று நினைத்தாள். இருப்பீங்களா… கெஸ்ட்ஹவுஸ் மேஜை, ஜன்னலுக்கு வெளியே முந்திரி மரம், அடுத்தவர் கணக்கை அழகாக எழுதி மூடுகிற சாயங்காலம், பஸ் ஜன்னலில் உப்பளங்கள் வெள்ளையாக ஓடும்போது அவள் யோசித்துக்கொண்டு வருவதெல்லாம் என்ன, மீன்காரம்மா மாதிரி இரண்டு தடவை அடித்தால் ஒரு பொருள், விட்டு விட்டு அடித்தால் ஒரு பொருள் என்று வைக்கலாமா, கழுவுகிற வேலைக்கு ஆள் வைத்தால் கட்டுப்படியாகுமா, கூனிமேடு பக்கம் யாரைப் போய்ப் பார்ப்பது… இதெல்லாம் யாருக்காக யோசித்தது? வீட்டுக்காரருக்காகவா? “வேலைய விட்டுடுவேங்க. நான்தான் பாத்துக்குவேன்” என்றாள், குரல் ரேடியோ மாதிரி இல்லை, சொந்தக் குரலாக இருந்தது. அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். நன்றிம்மா, மெயில் வரும் என்றார். கட்டங்கள் மறைந்துவிட்டன.

“வரும்மா, வந்துடும்” என்று சகாதேவன் குடையை மடக்கிக்கொண்டு, மிதிபட்ட உப்பைப் பார்க்கப் போனார். முழங்கால்வரை வெள்ளையாகக் கார்த்திகேசன் கரையேறி ஓடிவந்தான், ஸ்பீக்கரில் கடைசிப் பதில் அவனுக்கும் கேட்டிருக்கிறது, முகமெல்லாம் பல். “வேலைய விட்டுடுவேன்னு போட்ட பாரு ஒரு போடு! நானே நம்பிட்டேன் சத்யா. கவலப்படாத, பணம் வந்ததும் பேருக்கு ஒரு ராஜினாமா லெட்டர் குடுத்துக்கலாம், நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, நான் பாத்துக்கறேன்.” எத்தனை பிரியமாகச் சொல்கிறான், இவன்மேல் கோபப்படக் கூட முடியாது. சரிங்க என்று சொல்ல வந்தவள், குனிந்து லேப்டாப்பை மூடினாள். மெயில் வராவிட்டால் எதுவுமே சொல்லவேண்டி இருக்காது, பஸ் இருக்கிறது, மேஜை இருக்கிறது, எல்லாம் அப்படியே நடக்கும். வந்தால் இவனை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், நான் போட்டது போடு இல்லைங்க, நெசமாத்தான் சொன்னேன் என்று. வரட்டும் என்று நினைத்தாள், எப்படியாவது வந்துவிடட்டும், காலையிலும் இதையேதான் வேண்டிக்கொண்டு வந்தாள், ஆனால் அப்போது அது அவனுக்காக.